அணு ஆய்வின் முன்னோடி மேகநாத சாகா

எளிய மக்கள் தம் பிள்ளைகளின் கல்விக்காகச் சேர்க்கும் பணம் எந்நாளும் சிறிய பணமே. வெள்ளிவிழாக் காணும் நம் கழகத்தின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தாலும், உறுப்பினர் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் செலுத்திய சந்தாவையே அதில் காண்போம். இச்சிறு தொகையால் என்ன ஆகிவிடும் என்று நம்மவருள் சிலர் சோர்வுடன் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக ஒருவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம். ஓர் எளிய சங்கம் மாதம் 2 ரூபாய் வீதம் கொடுத்து உதவிய சிறுவன், பின்னாளில் விண்மீன்களின் ஒளியைப் படிக்கும் முறையை உலகுக்குக் கற்பித்தான். அணுக்கரு இயலை இந்தியப் பல்கலைக்கழகத்தின் பாடமாக்கினான். அவரே பேராசிரியர் மேகநாத சாகா ஆவார்.

பிறப்பும் பள்ளிப் படிப்பும்

இன்று வங்கதேசமாக விளங்கும் பகுதியில், டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள சியோரதாலி என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் மேகநாதர் பிறந்தார். தந்தை செகந்நாத சாகா சிறு மளிகைக் கடை நடத்தியவர். தாயார் புவனேசுவரி தேவி. எட்டுக் குழந்தைகளுள் இவர் ஐந்தாமவர். நம் மதுரைச் சமவெளியில் கண்மாய் வறண்டு கிடப்பதே பெருந்துயர். அவர் ஊரிலோ நீர் மிகுவதே துயர். மழைக்காலம் வந்தால் ஊர் வெள்ளத்தில் மிதக்கும்; வீட்டுக்கு வீடு செல்லவும் படகு வேண்டும்.

சாகா குலத்தார் வணிகம் செய்து வாழ்ந்தவர்கள். நம்மைப் போலத் தீண்டாமைக் கொடுமையின் அடித்தளத்தில் அழுத்தப்பட்டவர் அல்லர் எனினும், தம்மை உயர்ந்தோர் எனக் கருதிக்கொண்டோரின் பந்தியில் அவர்களுக்கு இடமில்லை. மகன் எழுதப் படிக்கக் கற்றதும் கடையில் வந்து அமர வேண்டும் என்பதே தந்தையின் எண்ணம். ஆயின் ஊர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிறுவனின் கூர்த்த அறிவைக் கண்டு, மேலும் படிக்க வைக்குமாறு வேண்டினர். அடுத்த நடுநிலைப்பள்ளியோ ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மூத்த அண்ணன் செயநாதர் அலைந்து திரிந்து அனந்தகுமார் தாசு என்னும் மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடித்தார். அவர் சிறுவனுக்கு உணவும் உறையுளும் இலவசமாக அளிக்க முன்வந்தார். பசுவைப் பராமரிக்க வேண்டும், உண்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும் என்பன நிபந்தனைகள். இரண்டாம் நிபந்தனைக்குக் காரணம் சாதி வழக்கமே. பரிவு காட்டிய அவ்வீட்டிலும் அவ்வழக்கம் விலகி நிற்கவில்லை. எனினும் அம்மருத்துவரின் உதவியைச் சாகா தம் வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறிய சிறுவனுக்கு மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1905இல் டாக்கா அரசுக் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். சணல் ஆலையில் மாதம் 20 ரூபாய்க்குப் பணிபுரிந்த அண்ணன் அதிலிருந்து 5 ரூபாய் அனுப்பினார். கிழக்கு வங்க வைசிய சமிதி என்னும் அவர்தம் சமூகச் சங்கம் 2 ரூபாய் அளித்தது. ஆக மொத்தம் 11 ரூபாய். இத்தொகையில்தான் அவருடைய நகர வாழ்க்கை நடந்தது.

அதே ஆண்டில் வங்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளர்ந்தது. துணைநிலை ஆளுநர் புல்லர் பள்ளிக்கு வருகை தந்தபோது அதனைப் புறக்கணித்த மாணவர்களுள் ஒருவராகச் சாகாவும் தண்டிக்கப்பட்டார். பள்ளியும் போயிற்று, 4 ரூபாய் உதவித்தொகையும் போயிற்று. கிசோரிலால் சூபிலி பள்ளி என்னும் தனியார் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்தே 1909இல் நுழைவுத் தேர்வு எழுதிக் கிழக்கு வங்க மாணவருள் முதலிடம் பெற்றார்.

விடுதியில் நேர்ந்தது

டாக்கா கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்து, 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். செகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்களாக வாய்த்தனர்; சத்தியேந்திரநாத் போசு உடன் பயின்றார். 1913இல் கணித இளங்கலைத் தேர்விலும் 1915இல் முதுகலைத் தேர்விலும் சத்தியேந்திரர் முதலாமவராகவும் சாகா இரண்டாமவராகவும் தேறினர். அத்தகைய பேரறிஞர் கூடிய இடத்திலும் சாதி தன் கோர முகத்தைக் காட்டத் தவறவில்லை. சாகா தங்கிய ஈடன் இந்து விடுதியில், இவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண முடியாது என்று சில மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கல்விக்கு உரிய தெய்வம் எனப் போற்றப்படும் சரசுவதியின் பூசை மேடையை இவர் அணுகுவதையும் அவர்கள் பொறுக்கவில்லை. சாகா விடுதியை விட்டு வெளியேறினார், படிப்பை விடவில்லை.

படிப்பு முடிந்தும் வறுமை முடியவில்லை. அரசின் நிதித்துறைத் தேர்வு எழுத விண்ணப்பித்தார். விடுதலை இயக்கத்தாரோடு தொடர்புடையவர் என்ற ஐயத்தால் அனுமதி மறுக்கப்பட்டது. காலையும் மாலையும் மிதிவண்டியில் கல்கத்தாவின் தெருக்களைச் சுற்றி, வீடு வீடாகப் பாடம் சொல்லிக் குடும்பத்தைக் காத்தார். 1916இல் அசுதோசு முகர்சியின் முயற்சியால் உருவான பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. கணிதம் படித்த அவர், இயற்பியலைத் தாமே கற்றுக்கொண்டு பிறருக்கும் கற்பித்தார்.

விண்மீன்களின் ஒளி

ஒளி பொருள்மீது செலுத்தும் அழுத்தம் பற்றி 1917இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி அமெரிக்க இதழொன்றுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே ஏற்க வேண்டும் என்று விடை வந்தது. அத்தொகை அவரிடம் இல்லை. கட்டுரை கல்கத்தாப் பல்கலைக்கழக இதழில் வெளிவந்து, பெரும்பாலோர் பார்வைக்கு எட்டாமற் போயிற்று. வறுமை அறிவை அழிப்பதில்லை. ஆயின் அறிவு செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. கல்விக் கழகங்கள் திறக்க வேண்டிய கதவு அதுவே.

1920ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அயனியாதல் கொள்கை எவராலும் புறக்கணிக்க முடியாததாயிற்று. அணுவின் நடுவே நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்கரு இருக்கிறது. அதனைச் சூழ எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள் உள்ளன. இரண்டும் சமமாக இருப்பதால் அணு மின்னூட்டம் அற்றதாகத் தோன்றுகிறது. வெப்பம் மிகுந்தால் எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு ஓடும். எஞ்சியது நேர்மின்னூட்டமுள்ள அயனி ஆகும். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் இவ்வாறு பிரியும் என்பதற்குச் சாகா ஒரு சமன்பாடு தந்தார். அதனைக் கொண்டு விண்மீனின் நிறமாலைக் கோடுகளிலிருந்து அதன் வெப்பநிலையைக் கணிக்க முடிந்தது. 1925இல் சிசிலியா பெயின் என்னும் பெண் அறிஞர் இதே சமன்பாட்டைப் பயன்படுத்தி, விண்மீன்களில் மிகுதியாக உள்ளது ஐட்ரசனே என்று காட்டினார்.

சாகா இலண்டனிலும் பெர்லினிலும் ஆய்வு செய்து திரும்பி, 1923இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1927இல் இலண்டன் வேந்தர் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதிப் பந்தியில் இடம் மறுக்கப்பட்டவருக்கு நியூட்டன் அமர்ந்திருந்த அவையில் இடம் கிடைத்தது.

மூவகைக் கதிர்கள்

வெப்பத்தால் அணுவின் புறத்தே நிகழும் மாற்றத்தை ஆராய்ந்தவரின் மனம், அணுவின் உள்ளே இருக்கும் கருவை நோக்கித் திரும்பியது இயல்பே. 1933இல் தம் மாணவர் கோத்தாரியுடன் இணைந்து, பீட்டாக் கதிர் அணுக்கருவிலிருந்து எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கு ஒரு விளக்கத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே இத்தாலிய அறிஞர் பெர்மி தந்த கொள்கை நிலைபெற்றது. சாகாவின் விளக்கம் நிலைக்கவில்லை. அறிவியலில் இதுவும் ஒரு பணியே. அஞ்சாது முயன்று, பிழையெனக் கண்டால் விட்டுவிடுவது அறிஞர்க்கு இழுக்கன்று. 1939இல் அணுக்கருப் பிளவு பற்றிய செய்தி உலகெங்கும் பரவியதும், அதற்கு முந்திய ஆண்டில் கல்கத்தாவுக்குத் திரும்பியிருந்த சாகா, 1940இல் அணுக்கரு இயலை அங்கு முதுகலைப் பாடமாகச் சேர்த்தார்.

அப்பாடத்தைக் கற்போர் முதற்கண் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அதை நம் இளைஞர்களுக்காகச் சற்று விரித்துரைப்போம். யுரேனியம் தானாகவே கதிர் வீசுவதை 1896இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் கண்டார். அக்கதிர் ஒரே வகையா, பல வகையா? கண்ணுக்குத் தெரியாதவற்றை எவ்வாறு பிரித்தறிவது? அதற்கு உதவியவை மின்புலமும் காந்தப்புலமும் ஆகும்.

சிறு துளையுள்ள காரீயப் பெட்டியில் ரேடியத்தை வைத்தால், துளை வழியாகக் கதிர்கள் மெல்லிய கற்றையாக வெளிவரும். அக்கற்றையின் இருபுறமும் இரண்டு உலோகத் தகடுகளை நிறுத்தி, ஒன்றை மின்கலத்தின் நேர்முனையோடும் மற்றதை எதிர்முனையோடும் இணைக்க வேண்டும். காற்றை அகற்றிவிட வேண்டும். ஏனெனில் ஆல்பாக் கதிர் காற்றில் மூன்று நான்கு செண்டிமீட்டர் செல்வதற்குள் ஓய்ந்துவிடும். எதிரே ஒளிப்படத் தகட்டை வைத்தால் மூன்று விளைவுகளைக் காணலாம். எதிர்த்தகட்டின் பக்கம் சாய்வது ஆல்பா. அது நேர்மின்னூட்டம் உடையது. நேர்த்தகட்டின் பக்கம் சாய்வது பீட்டா. அது எதிர்மின்னூட்டமுடைய எலக்ட்ரானே. எப்பக்கமும் சாயாது நேரே செல்வது காமா. அது மின்னூட்டமற்ற, ஒளியின் இனத்தைச் சேர்ந்த அலை.

பாடநூல் படங்களில் ஆல்பாவும் பீட்டாவும் பெரிதாக வளைவது போல வரைந்திருப்பார்கள். அது விளக்கத்துக்காக மிகைப்படுத்தியது. ஒரு செண்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் 10 செண்டிமீட்டர் நீளத் தகடுகளுக்கு 1000 வோல்ட்டு மின்னழுத்தம் கொடுப்பதாகக் கொள்வோம். 50 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலுள்ள ஆல்பாத் துகள் அத்தகடுகளைக் கடக்கும்போது, கணக்கின்படி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே விலகும். 10 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலுள்ள பீட்டாத் துகள் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலகும்.

ஆல்பாத் துகள் எலக்ட்ரானைப் போல் ஏறக்குறைய 7300 மடங்கு நிறையுடையது. அவ்வாறிருக்க, விலக்கத்தில் வேறுபாடு நான்கு மடங்கோடு ஏன் நின்றுவிடுகிறது? ஆல்பாவின் மின்னூட்டம் எலக்ட்ரானினதைப்போல் இரு மடங்கு என்பது ஒரு காரணம். அதன் வேகம் ஒளியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கே என்பது மற்றொன்று. பீட்டாவோ ஏறத்தாழ ஒளியின் வேகத்திலேயே பாய்ந்துவிடுகிறது. மெல்லச் செல்வது தகடுகளுக்கிடையே நெடுநேரம் இருக்கிறது. மின்புலம் அதனை நெடுநேரம் இழுக்கிறது. காந்தப்புலத்தின் விசையோ துகளின் வேகத்தையும் பொறுத்தது. ஆதலால் விரைந்து செல்லும் பீட்டா அதில் மிகுந்த விசைக்கு ஆளாகிறது. மேற்சொன்ன அதே துகள்களைக் காந்தப்புலத்தில் செலுத்தினால் பீட்டா ஆல்பாவைப்போல் 70 மடங்கு அளவுக்கு வளையும். இதனாலேயே பீட்டாவின் இயல்பு 1900ஆம் ஆண்டளவிலேயே தெளிவாகிவிட, ஆல்பா எந்தப் புலத்துக்கும் வளையாதது என்று சில காலம் எண்ணப்பட்டது. 1903இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ரூதர்போர்டு, குறுகிய பிளவுகள் பலவற்றை வரிசையாக அமைத்து, வலிய புலங்களைச் செலுத்தி, ஆல்பாவும் வளைகிறது என மெய்ப்பித்தார்.

இன்னுமொன்று கருதத்தக்கது. ஒரு தனிமத்தின் ஆல்பாத் துகள்கள் பெரும்பாலும் குறித்த சில ஆற்றல்களையே உடையவை. ஆகவே ஒன்றுபோல் விலகித் தெளிந்த கோடாகப் பதியும். பீட்டாத் துகள்களோ பல்வேறு ஆற்றலோடு வெளிவருவதால் விசிறிபோல் விரிந்து பதியும். இவ்விரிவுக்குக் காரணம் தேடியபோதுதான் நியூட்ரினோ என்னும் புதிய துகளை அறிஞர்கள் உய்த்துணர்ந்தனர். சாகாவும் கோத்தாரியும் 1933இல் மல்லாடியது பீட்டாக் கதிரின் இத்தகைய புதிர்களோடுதான்.

சைக்ளோட்ரானும் ஆய்வு நிலையமும்

இயற்கை வீசும் கதிர்களை மின்புலத்தால் வளைக்கலாம் என்றால், நாமே மின்னூட்டத் துகள்களை மின்புலத்தால் விரைவூட்டவும் முடியும் அன்றோ? அமெரிக்க அறிஞர் இலாரன்சு உருவாக்கிய சைக்ளோட்ரான் என்னும் கருவி இதனையே செய்கிறது. காந்தப்புலம் துகளை வட்டமாகச் சுழற்றுகிறது. ஒவ்வொரு அரைச்சுற்றிலும் மின்புலம் ஒரு தள்ளுத் தள்ளுகிறது. ஊஞ்சலைத் தக்க நேரத்தில் மெல்ல மெல்லத் தள்ளி உயரே எழுப்புவது போன்றது இது. மின்னூட்டமற்ற காமாவையும் நியூட்ரானையும் இக்கருவியால் தள்ள முடியாது.

சாகா 1936இல் அமெரிக்கா சென்றபோது இக்கருவியைக் கண்டார். நம் நாட்டிலும் ஒன்றை அமைக்க உறுதி பூண்டார். தம் மாணவர் நாக் சௌத்ரியை இலாரன்சிடம் பயில அனுப்பினார். டாட்டா அறக்கட்டளை பொருளுதவி செய்தது. காந்தத்துக்குரிய பகுதிகள் வந்து சேர்ந்தன. காற்றை அகற்றும் எக்கிகளை ஏற்றிவந்த கப்பலோ உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்டது. எக்கிகளை இங்கேயே செய்து பார்க்கும் நிலை உண்டாயிற்று. பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. சாகா மனந்தளரவில்லை. அணுக்கரு இயற்பியல் நிலையத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1950 சனவரி 11ஆம் நாள், மேரி கியூரியின் மகளாகிய ஐரீன் சோலியோ கியூரி அம்மையார் அதனைத் திறந்து வைத்தார். சாகாவின் மறைவுக்குப் பின் அந்நிலையம் அவர் பெயரையே தாங்கியது. 1977இல் ஆல்பாத் துகள்களையும் விரைவூட்டவல்ல பெரிய சைக்ளோட்ரான் ஒன்று கல்கத்தாவிலேயே இயங்கத் தொடங்கியது.

மக்கள் மன்றத்தில்

வெள்ளத்தில் மிதந்த ஊரில் பிறந்தவர் ஆதலின், ஆறுகளைப் பற்றிய கவலை அவரை விட்டு அகலவில்லை. 1943இல் தாமோதர் ஆறு கரைபுரண்டு பேரழிவு விளைத்தபோது அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் சாகா உறுப்பினரானார். பள்ளத்தாக்கு முழுவதையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்று வலியுறுத்தினார். அக்காலத்தில் மைய அரசின் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்து அத்திட்டத்தை முன்னெடுத்துச் சென்றவர் நம் அண்ணல் அம்பேத்கர் என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவாயிற்று. சாதியின் கொடுமையைத் தம் உடம்பால் அறிந்த இருவரின் உழைப்பும் அந்த ஆற்றின் அணைகளில் கலந்திருக்கிறது.

1952இல் சாகா எந்தக் கட்சியையும் சாராமல் கல்கத்தாவில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரானார். அணு ஆய்வு மறைவாக நடத்தப்படலாகாது, பல்கலைக்கழகங்களிலும் அது செழிக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் கருத்து முழுதும் ஏற்கப்படவில்லை. நாட்டுக்குப் பொதுவான நாள்காட்டியை வகுத்த குழுவுக்கும் அவரே தலைவர். 1956 பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்தை நோக்கி நடந்து செல்கையில் மாரடைப்பால் வீழ்ந்து உயிர் நீத்தார். அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் அம்பேத்கரும் மறைந்தார்.

நமக்கு உரைப்பது

கே.கே. நகரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நம் கழகத்தை நாடி வரும் மாணவ மாணவியரே! மின்புலம் துகளின் மின்னூட்டத்தையும் நிறையையும் வேகத்தையும் மட்டுமே பார்க்கிறது. அது எந்தச் சுரங்கத்தில் தோண்டிய தாதுவிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. மனிதன் அமைத்த விடுதிகளும் பந்திகளும் பிறப்பைக் கேட்டன. ஆய்வுக்கூடத்தில் அக்கேள்விக்குப் பொருளே இல்லை. ஆயின் அந்த ஆய்வுக்கூடத்தின் வாயில்வரை சென்று சேர்வதற்குக் கட்டணமும் நூலும் உணவும் உறையுளும் வேண்டும். சாகாவுக்கு ஓர் அண்ணன் 5 ரூபாய் தந்தார்; ஒரு சங்கம் 2 ரூபாய் தந்தது.

அந்த 2 ரூபாயைத் தந்தவர்களுக்கு அயனியாதல் சமன்பாடு தெரிந்திருக்காது. ஆல்பாக் கதிர் எப்பக்கம் சாயும் என்பதும் தெரிந்திருக்காது. தம் பிள்ளைகளுள் ஒருவன் படிக்கிறான் என்பது மட்டும் தெரிந்திருந்தது. உறுப்பினர் பெருமக்களே, நம் சந்தாவும் அத்தகையதே. அது யாரிடம் சென்று என்னவாக விளையும் என்பதை இன்று நாம் அறியோம். அறியாத நிலையிலும் தவறாது கொடுத்து வருவோமாக.